தானே அணைந்துகொள்ளும் வசதி

பிப்ரவரி 11

தங்கைக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஏழு வருடம் கழித்து உன் கடிதம் வந்திருக்கிறது. நலம் விசாரித்து ஒரு வரி, அடுத்த வரியிலேயே பேட்டரி. நான் நலம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் துணைக்கு இருக்கின்றன. நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேட்டரிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நீர்த்தேக்கத்தின் அக்கரையில் நீங்கள் கூடார முகாம் திறந்த அன்று நானும் வந்திருந்தேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் என் தோளில் கையைப் போட்டு, வந்திருந்த அத்தனை பேரிடமும், "இவருதான் என் மச்சான். காலேஜுல பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறாரு. தண்ணி வாத்தியார்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்தக் கூட்டத்தில் என் மாணவன் ஒருவனின் தகப்பன் இருந்தான். திங்கட்கிழமை ஆய்வகக் கரும்பலகையில் அந்தப் பெயர் இருந்தது. மின்னியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவனுக்கு இன்று வரை அதுதான் பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு என் சொந்தப் பெயரே தெரியாது.

சொல்லியாயிற்று. இனி உன் கேள்வி.

'முகாமுக்கு எவ்வளவு பெரிய லித்தியம் பேட்டரி வாங்கலாம்?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எவ்வளவு பெரிய பாத்திரம் வாங்கலாம் என்று கேட்பது போன்றது அது. எத்தனை பேருக்குச் சமையல் என்று முதலில் சொல். என்ன சாதனம், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? சாதனத்தின் அடியில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் இருப்பதை அப்படியே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது இப்போதுதான் தெரியும். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? இங்கே தொலைபேசிக்குச் சிக்னல் எடுப்பதில்லை. படகு வாரம் இரண்டு முறை வரும், தபாலும் அதில்தான் வரும். அதனால் தாமதம்.

அன்று சிரித்தது உண்மை. அதைப் பற்றி எழுத இன்னொரு நாள் உட்காருகிறேன்.

தகட்டைப் பார்த்தேன். 24 வோல்ட், 90 வாட். ஒரு விளக்கும், அதோடு சேர்ந்தாற்போல வெந்நீர் வைக்கும் சின்னத் தட்டும். எட்டு மணி நேரமாவது ஓட வேண்டும். ராத்திரி முழுக்க வேண்டும் அண்ணா. விருந்தினர் ஒருவருக்கு இருட்டு ஒத்துக்கொள்வதில்லை. டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அதை விடிய விடிய ஓட்டினால் மற்ற கூடாரத்துக்காரர்கள் மூட்டையைக் கட்டுகிறார்கள்.

படகுத்துறைக் கடையில் ஒரு பெட்டி காட்டினார்கள். மேலே 'ஐம்பதாயிரம்' என்று போட்டிருக்கிறது. கைக்கு அடக்கமாக இருக்கிறது. வாங்கலாமா?

அவர் நலமாக இருக்கிறார். முன்பு போலப் படகு தள்ளுவதில்லை, அவ்வளவுதான். பதிலைப் படகுத்துறைக் கடை முகவரிக்கே அனுப்புங்கள். நானே போய் வாங்கிக்கொள்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். உங்கள் இருவர் நலமும் அறிந்தேன்.

அந்தப் பெட்டியை வாங்காதே. ஐம்பதாயிரம் என்று பெரிதாக அச்சடித்திருப்பது மில்லி ஆம்பியர்-மணி. உள்ளே இருக்கும் செல்லின் மூன்றே முக்கால் வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் அளந்த எண் அது. வாட்-மணி எவ்வளவு என்று கேள், கடைக்காரர் கூரையைப் பார்ப்பார். நான் சொல்கிறேன்: நூற்றெண்பத்தைந்து. உன் சாதனம் இரண்டு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். எண் பெரிதாக இருந்தால் சரக்கும் பெரிது என்று நம்ப ஆள் இருக்கும்வரை இவர்கள் பிழைப்பு ஓடும். எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் ஒருவர் துறைத்தலைவராக இருக்கிறார்.

தொண்ணூறு வாட், எட்டு மணி நேரம், எழுநூற்று இருபது வாட்-மணி. மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பதிலேயே ஒரு பங்கு வீணாகும். ஆகவே ஆயிரம் வாட்-மணிக்குக் குறையாமல் வாங்கு. லித்தியத்திலும் வகை உண்டு. 'இரும்பு பாஸ்பேட்' என்று எழுதியிருப்பதை மட்டும் எடு. கனமாக இருக்கும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் கூடாரத்துச் சூட்டில் பதறாது, பத்து வருடம் உழைக்கும். பகலில் நிரப்ப இருநூறு வாட் சூரியத் தகடு ஒன்றும் சேர்த்து வாங்கு.

இனி சிக்கனம். விளக்கும் வெந்நீர்த் தட்டும் ஒரே கம்பியில் வரும் சாதனத்தை நான் பார்த்ததில்லை. எந்தப் புண்ணியவான் செய்தானோ. சூடாக்கும் எதுவும் பேட்டரியை உறிஞ்சும். மேகம் போட்ட நாளில் தட்டை அணைத்துவிடு, வெந்நீரை அடுப்பில் வை.

இரண்டாவது, நல்ல பெட்டிகளில் தானே அணைந்துகொள்ளும் வசதி இருக்கும். இருபத்தைந்து வாட்டுக்குக் கீழே எதையாவது இழுத்துக்கொண்டிருந்தால், வேலை இல்லை என்று எண்ணி, ஒரு மணி நேரத்தில் பெட்டி தானாகவே அணையும். அதை இயக்கி வை. ராத்திரி முழுக்க வேண்டும் என்கிறாய். தூங்குகிறவருக்கு விளக்கு எதற்கு? காட்டுக்கு வந்து இருட்டு ஆகாது என்கிறவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் அவர் தூங்கியிருப்பார்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் நலமா? இங்கே வெயில் கடுமை. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது.

நீங்கள் சொன்னபடியே வாங்கிவிட்டோம். படகுக்காரரும் இன்னொருவரும் தூக்கி வந்து இறக்கிவிட்டு, "அம்மா, உள்ள கல்லு வெச்சுக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வாட்-மணி, இரும்பு பாஸ்பேட்டுன்னு பேசுறியே, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். கடைக்காரர் என்றேன். "கடைக்காரனுக்கு இவ்வளவு அறிவா! அவனைக் கூப்பிட்டு விருந்து வைக்கணும்" என்றார். பெட்டி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் வாரம் தட்டோடு ஓட்டினேன். மேகம் போட்ட நாட்களில் விடியும் முன்பே தீர்ந்துவிட்டது. அதனால் தட்டை அணைத்துவிட்டேன். விருந்தினருக்கு வாய்தான் காய்ந்துபோகிறது. இரண்டாவதாகச் சொன்னதையும் செய்துவைத்தேன். அப்போதிருந்து ஒரு மணி நேரம் ஆனால் அணைந்துவிடுகிறது. நீங்கள் சொன்னதை மாற்றினால் மறுபடி விடியும் முன்பே தீர்ந்துவிடுமோ என்று, நானே எழுந்து பொத்தானை அழுத்துகிறேன். பழகிவிட்டது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

அணைவதற்கு முன்னால் பெட்டி ஏதாவது சத்தம் போடும்படி செய்ய முடியுமா? நான் கண்ணயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை


ஏப்ரல் 20

தங்கைக்கு,

நலம். நீ நலம் என்று எழுதுகிறாய், ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும் எழுதுகிறாய்.

பெட்டி அணைவது கோளாறு இல்லை. நான் சொன்னது அதைத்தான். விருந்தினரின் விளக்குக்கு நீ ஏன் காவல் காக்க வேண்டும்? சின்ன வயதிலிருந்தே உனக்கு இது ஒரு வியாதி. யாராவது முகம் சுளித்தால் ஓடிப்போய் நிற்பாய். உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? குறட்டை விடுகிறாரா? சத்தம் போடும் வசதி எல்லாம் கிடையாது. விளக்கு அணைந்தால் அணையட்டும். நீ தூங்கு.

இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. துறைத்தலைவர் பதவி மறுபடியும் என்னைத் தாண்டிப் போயிற்று. இந்தத் தடவை என்னிடமே படித்த பையனுக்கு. பாராட்டுக் கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார்கள். பேசினேன்.

அண்ணன்


மே 30, படகுத்துறை

தங்கைக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படிக்கும்போதே எழுந்துபோய்ப் பெட்டியின் அமைப்பில் தானே அணையும் வசதியை நிறுத்து. நிறுத்திவிட்டு வந்து மீதியைப் படி.

ஐந்து வாரமாக உன் பதில் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் வீம்பாக இருந்தேன். இன்று காலை எங்கள் ஆய்வக உதவியாளர், அவர் அம்மாவின் இயந்திரத்துக்குரிய மின்மாற்றி சூடாகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தேன். 24 வோல்ட், 90 வாட். "இது எதுக்கு?" என்றேன். "அம்மாவுக்கு நெஞ்சுத் தசை தளந்துபோச்சு சார். தூங்கினா மூச்சு பத்தாது. மூஞ்சியில மாட்டிக்கிற முகமூடி, அதுல காத்து தள்ளும். கூடவே தண்ணியைச் சூடாக்குற தட்டு ஒண்ணு, இல்லேன்னா வாய் காஞ்சிடும்" என்றார்.

வாய் காய்ந்துபோகிறது என்று நீ எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு உனக்குப் புத்தி சொன்னேன்.

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நேரே இங்கே வந்தேன். படகுக்காரர் கரையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "தண்ணி வத்திடுச்சு சார். சேத்துல படகு போகாது. ஒரு மாசமா தபாலும் நின்னுபோச்சு" என்றார். சுற்றிக்கொண்டு நடந்து போக வழி உண்டா என்றேன். என் முழங்காலைப் பார்த்தார். "உண்டு. ரெண்டு நாளு. போறீங்களா?" என்றார். முகாம்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவரா? முகமூடி மாட்டிட்டுத் தூங்குறாருன்னு பேச்சு. நேரா கேட்டா அடிக்க வர்றாரு. நீங்க யாரு சார்?" என்றார். உறவு என்றேன்.

வலை போடுகிறவர் ஒருவர் தட்டையான பரிசலை இழுத்துக்கொண்டு போகிறார். அதில் ஓர் ஆள்தான் ஏற முடியும். அவர் சட்டைப்பையில் இதை வைத்து அனுப்புகிறேன்.

காரணம் இதுதான். தட்டை அணைத்ததும் அந்த இயந்திரம் இழுப்பது இருபது வாட்டுக்கு இறங்கிவிடும். பெட்டிக்கு அது வேலையாகவே தெரியாது, அணைந்துவிடும். நான் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் ஆபத்தில்லை. நீ இரண்டையும் செய்தாய். தட்டைக் குறைந்த சூட்டில் வை, முழுதாக அணைக்காதே.

விளக்கு என்று ஏன் எழுதினாய்? பதில் உடனே வேண்டும். ஒரு வரி போதும்.

அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அவரும் இருக்கிறார். நீங்கள் கேட்ட ஒரு வரி அதுதான். மழை விழுந்து தண்ணீர் ஏறிவிட்டது. இது முதல் படகில் வருகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். அன்று ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கண்ணைத் திறந்தால் முகத்தில் வெயில். எழுந்து அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. "மணி என்ன ஆச்சுன்னு தெரியுதா? அடுப்பு பத்த வைக்கிற உத்தேசம் இருக்கா?" என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு என்று எழுதியதற்குக் காரணம் அவர்தான். போன வருடம் மருத்துவமனையில் முகமூடியைக் கொடுத்தபோதே சத்தியம் வாங்கிக்கொண்டார். "யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா உங்க அண்ணனுக்கு" என்றார். உங்கள் ஊரில், உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்று வாரம் படுத்திருந்தார்.

அண்ணா, இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கடிதத்தை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துவிட்டார். கையெழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யாரைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனோ அந்த ஆளையே கேட்டிருக்க. அவரு போட்ட கணக்குல நான் மூச்சு விடணுமா?" என்றார். பெட்டியைக் கழற்றிச் சாக்கு போட்டு மூடிவிட்டார். நாலு நாளாக முகமூடி இல்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். காலையில் எழுப்பினால் கிழமை தெரியவில்லை. உதடு நீலமாக இருக்கிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் எழுப்ப முடியாது என்று மருத்துவர் அப்போதே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும். 'பழசை மறந்துவிட்டேன்' என்று. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்று நான் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். வேறு காரணம் சொல்லி அதை மூடப் போவதில்லை. ஆனால் அடுத்த நாள் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் தங்கை


ஜூன் 22

மச்சான் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டுமாம். உங்கள் தங்கை பக்கத்தில் நிற்கிறாள்.

உங்கள் கடிதம் ஒன்று என் வீட்டில் கிடந்தது. அது இங்கே இருக்கக் கூடாது என்பதால் இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

பெட்டியில் குறை ஒன்றுமில்லை. கடைக்காரர் சொன்னது என்று நினைத்து இரண்டு மாதம் உபயோகித்தேன். கடைக்காரர் யாரோ ஒரு ஆள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. உங்களிடம் கேட்டுக்கொண்டு, அப்புறம் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்று. நான் முகமூடி மாட்டித் தூங்குவதை வைத்து வகுப்பில் கதை சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள். ஒருவருக்குப் பெயர் வைத்தால் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

இத்தோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு
உங்கள் தங்கை கணவன்


ஜூன் 28

பெட்டியைப் பயன்படுத்துபவருக்கு,

தாங்கள் நலமாக இல்லை என்பது தெரியும். அதனால் விசாரிக்கவில்லை.

இந்த உறையில் இரண்டு தாள் இருக்கின்றன. இரண்டாவது தாளில் பெட்டியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. தானே அணையும் வசதி எப்போதும் நிறுத்தத்திலேயே இருக்கட்டும். தட்டு குறைந்த சூட்டில் ஓடட்டும். மேகம் போட்ட நாளில் அந்தியில் பெட்டி பாதிக்குமேல் நிரம்பாமல் இருந்தால் ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டி நிரப்பிவிட்டு அப்புறம் படுங்கள். கூடாரத்துக்காரர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அந்த இரண்டாவது தாளைப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். எழுத்து அடையாளம் தெரியாமல் இருக்கத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

முதல் தாளைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் மனைவி என்னை ஒரு வரி எழுதச் சொல்கிறாள். மறந்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை எழுதினேன், மூன்றும் பொய்யாக இருந்தன. நான் மறக்கவில்லை. இந்த வாரம்கூட மாடிப்படியில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினான். அதற்கு நீங்கள்தான் காரணம் என்று இன்றும் சொல்வேன். நேரில் பார்த்தால் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். அதற்கு நீங்கள் இருக்க வேண்டும். நீங்கள் போய்விட்டால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவது? இரண்டு தெரு தள்ளி மூன்று வாரம் படுத்திருந்தீர்களாம். அந்த வழியாகத்தான் தினமும் கல்லூரிக்குப் போனேன். ஒருவர் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தக் கணக்கும் இப்போது சேர்ந்துவிட்டது.

வகுப்பில் சொல்ல மாட்டேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருந்தீர்கள். விழிக்க வேண்டாம். ஒரு தாளில் சரியான விஷயம் இருந்தால் அதன் அடியில் என் பெயர் இருந்தே தீர வேண்டும் என்று வாழ்க்கை முழுக்கச் சண்டை போட்டவன் நான். ஆய்வகக் கையேட்டிலிருந்து பரிசோதனை அறிக்கை வரை என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று யார் யாரோடோ பேச்சை நிறுத்தியிருக்கிறேன். கேட்டுப் பாருங்கள், உங்கள் மனைவி கதை கதையாகச் சொல்வாள். அந்த இரண்டாவது தாளிலும் பெயர் இருந்தால் அது என்னுடையதாகிவிடும், நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள். இல்லாவிட்டால் கடையிலிருந்து வந்த தாள், யாரோ ஒரு ஆள் அனுப்பியது. உறையின் பின்புறம் முகவரியும் எழுதவில்லை, திருப்பி அனுப்ப இடமில்லை. சாக்கை எடுத்துவிட்டு இன்று ராத்திரி முகமூடியை மாட்டிக்கொள்ளுங்கள்.

படகுத் தபால் கட்ட இன்னும் நேரம் இருக்கிறது. பெயர் எழுதுமிடத்தில் பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன். இரண்டு தாளையும் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.